வண்டிச் செயின் நீளுதா? தேயுதா?

சுவரிதழில் போன முறை கோலம் பற்றி எழுதினேன். இந்த முறை நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது மோட்டார் சைக்கிளின் செயின். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று எங்கள் பெரியம்மா கேட்டார். முழுவதும் படித்துவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

எங்கள் அப்பா பால் எடுப்பவர். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் பால் வாங்கி, டவுனில் இருக்கும் டீக்கடைகளுக்கு ஊற்றுவார். வண்டியின் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். ஒரு நாளைக்குப் போக வர 30 கிலோமீட்டர் ஓடும். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

வண்டியைத் துடைப்பதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் ஞாயிற்றுக்கிழமையில் என் வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிரீஸ் டப்பாவை எடுத்து, செயின் மேலே பஜ்ஜி மாவு மாதிரி அப்பி வைத்தேன். பார்க்க கறுகறுன்னு பளபளப்பாக இருந்தது. "சூப்பரா பண்ணிட்ட கண்ணு" என்று அப்பாவும் சொன்னார். ஆனால் அதுதான் தப்பு.

நடந்தது என்ன?

போன வருஷம் ஐப்பசி மழை. வண்டியில் "கடக்... கடக்..." என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. செயின் தொளதொளவென்று ஆடியது. அப்பா அதை இழுத்துக் கட்டினார். பத்து நாளில் மறுபடியும் தொங்கியது. மறுபடியும் இழுத்துக் கட்டினார். இதற்கு மேல் இழுக்க இடம் இல்லை என்றதும், போகிற வழியில் ஒரு கடையில் செயினில் ஒரு ஜோடிக் கண்ணியை வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்துக் கொடுத்தார்கள். "அவ்ளோதான், சரியாப் போச்சு" என்றார் அப்பா.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் அன்றைக்கு நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது "டமார்" என்று ஒரு சத்தம். செயின் பல்லை விட்டுக் கழன்று, பின் சக்கரத்துப் பக்கம் சிக்கிக்கொண்டது. சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்று, வண்டி சறுக்கி விழுந்தது. மெதுவாகப் போனதால் பிழைத்தோம். அப்பாவுக்கு முட்டியில் தோல் உரிந்தது. எனக்குக் கையில் சிராய்ப்பு. ஒரு கேன் பால் முழுவதும் கரையில் ஓடியது. இன்னொரு கேன் பால் தப்பியது. ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு டவுன் போய்ச் சேர்வதற்குள் அது திரிந்து போய்விட்டது.

பால் போனாலும் மாடு வைத்திருப்பவர்களுக்குக் காசு கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அன்று ராத்திரி அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் தூக்கம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் கிரீஸ் போட்டேனே, அப்புறம் எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மெக்கானிக் கடைக்கு அப்பாவோடு நானும் போனேன். அங்கே இருக்கும் அண்ணன் சொல்லிக் கொடுத்ததையும், நான் அளந்து பார்த்ததையும்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

செயினுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே இருந்து பார்த்தால் தகடு மட்டும்தான் தெரியும். அண்ணன் பழைய செயினில் ஒரு கண்ணியைத் தட்டிப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஐந்து உறுப்புகள்.

1. வெளித் தகடு
2. உள் தகடு
3. பின் (இரும்புக் குச்சி)
4. புஷ் (பின்னைச் சுற்றி இருக்கும் சிறு குழாய்)
5. ரோலர் (புஷ் மேல் சுற்றும் உருளை. பல்சக்கரத்தின் பல்லில் உட்காருவது இதுதான்)

செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு கண்ணியும் மடங்குகிறது. இறங்கும்போது நிமிர்கிறது. அப்படி மடங்கி நிமிரும்போது புஷ்ஷுக்குள் பின் உரசுகிறது. ஆக எண்ணெய் வேண்டிய இடம் வெளித் தகடு இல்லை. உள்ளே, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்!

நான் அப்பிய கிரீஸ் கெட்டியாக வெளியேயே நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அதோடு ரோட்டு மணல் எல்லாம் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொண்டது. "பாப்பா, கிரீஸும் மண்ணும் சேர்ந்தா அம்மியில அரைக்கிற மாதிரி இரும்பை அரைச்சுடும்" என்றார் அண்ணன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

செயின் உண்மையில் நீளுகிறதா?

எல்லோரும் "செயின் நீண்டு போச்சு" என்றுதான் சொல்வார்கள். நானும் ரப்பர் மாதிரி இரும்பு இழுபட்டு நீளுகிறது என்றே நினைத்தேன். அப்படி இல்லை. தகடு அப்படியேதான் இருக்கிறது. பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் விழுந்த இடைவெளி எல்லாம் சேர்ந்து மொத்தச் செயினும் நீண்ட மாதிரி தெரிகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அதுபோலத்தான்.

இதை அளந்து பார்க்க ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதும். நம் ஊரில் ஓடும் சின்ன வண்டிகள் பலவற்றில் 428 அல்லது 420 என்ற நம்பர் செயின் இருக்கும். அந்த நம்பர் தகட்டிலேயே பொறித்திருக்கும். முதல் எண் 4 என்றால் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை 4/8 அங்குலம், அதாவது அரை அங்குலம். 12.7 மி.மீ. முதல் எண் 5 என்றால் 5/8 அங்குலம்.

அரை அங்குலம் என்றால், 20 இடைவெளிக்கு 10 அங்குலம். அதாவது 254 மி.மீ. நம் பெட்டியில் இருக்கும் 30 செ.மீ. ஸ்கேலிலேயே அளந்துவிடலாம்! இது சுமார் 2 சதவீதம் கூடி 259 மி.மீ. ஆகிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும்.

நான் செய்த வேடிக்கை: அண்ணன் ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொன்னார். நான் 20 பின்களை எண்ணி அளந்தேன். 249 மி.மீ. வந்தது. "அண்ணே, செயின் சுருங்கிடுச்சு!" என்றேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் புரிந்தது. கையில் ஐந்து விரல், ஆனால் நடுவில் நாலு சந்துதான். அதுபோல 20 இடைவெளி வேண்டுமென்றால் 21 பின்கள் எண்ண வேண்டும். சரியாக எண்ணி, செயினை விறைப்பாகப் பிடித்து அளந்தால் 262 மி.மீ. வந்தது!

262 – 254 = 8 மி.மீ.
8 ÷ 20 = 0.4 மி.மீ.

ஒரு கண்ணிக்கு 0.4 மி.மீ.தான். நாலைந்து நோட்டுத் தாள் கனம். இதுதான் எங்களைக் கீழே தள்ளியது. வெர்னியர் அளவியில் ஏன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை பார்க்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கண்ணியை வெட்டினால் சரியாகுமா?

ஆகாது. வெட்டினால் மொத்த நீளம் குறையும். ஆனால் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு கண்ணியும் 12.7க்குப் பதில் 13.1 மி.மீ.தானே? பல்சக்கரத்தின் பற்களோ 12.7 மி.மீ. செயினுக்காக வெட்டப்பட்டவை. அளவு ஒத்துப்போகாத செயின், பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறுகிறது. ஏற ஏறப் பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அரிவாள் மூக்கு மாதிரி வளைந்துவிடும். கடைசியில் ஒரு நாள் பல்லைத் தாண்டிக் குதித்துவிடும். இழுத்துக் கட்டுவதும் வெட்டுவதும் காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி. நடுக்கம் தெரியாது, காய்ச்சல் போகாது.

இன்னொரு கணக்கு. எங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்தேன். முன் பல்சக்கரத்தில் 14 பல், பின்னால் 42 பல். 42 ÷ 14 = 3. பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன் பல்சக்கரம் 3 சுற்று சுற்றும். நூலைச் சுற்றி அளந்ததில் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். அப்பா ஓட்டும் 30 கி.மீ.க்குப் பின் சக்கரம் ஏறக்குறைய 15,800 சுற்று. அப்படியென்றால் முன் பல்சக்கரம் ஒரே நாளில் 47,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது! சின்னப் பல்சக்கரம் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இதுதான்.

அதனால் செயின் மாற்றும்போது முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுசும் சீக்கிரம் கெட்டுவிடும்.

மடங்காத கண்ணி

எங்கள் செயினில் இன்னொரு நோயும் இருந்தது. சில கண்ணிகள் மடங்கினால் நிமிரவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே போய், எண்ணெய் இல்லாமல் துருப்பிடித்து இறுகிவிட்டன. "கடக்" சத்தம் வந்தது இதனால்தான். ஒவ்வொரு முறை அந்தக் கண்ணி பல்சக்கரத்தில் ஏறும்போதும் ஒரு வெட்டு வெட்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? வண்டியை அணைத்து நடு ஸ்டாண்டில் போட்டு, பின் டயரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பல்சக்கரத்தை விட்டு வந்த பிறகும் கூன் விழுந்த மாதிரி நிற்கும் கண்ணியைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மேலும் கீழும் பக்குவமாக அசைத்தால் சில சமயம் இளகிவிடும். இளகியதும் துடைத்து எண்ணெய் விட வேண்டும். சுத்தியால் ஓங்கி அடிக்கக் கூடாது. ஊறவைத்தும் இளகாவிட்டால், அல்லது நிறையக் கண்ணிகள் அப்படி இருந்தால், செயினை மாற்றுவதே நல்லது.

இனி நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் பழைய கிரீஸையும் மண்ணையும் கழுவ வேண்டும். பெட்ரோல் வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும். சில பெரிய வண்டிகளின் செயினில் கண்ணிக்குக் கண்ணி சிறு ரப்பர் வளையம் இருக்கும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த வளையத்தைக் கெடுத்துவிடும்.

3. துணியால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும்.

4. 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தகடும் தகடும் சேரும் சந்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உட்புறத்தில் ஏன்? செயின் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம் நோக்கிச் சிதறும். உள்ளிருந்து விட்டால்தான் போகிற வழியில் கண்ணிக்குள் நுழையும். வண்டி ஓடி வந்த சூட்டோடு விட்டால் இன்னும் நன்றாக இறங்கும்.

5. கொஞ்ச நேரம் கழித்து, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். வெளியே காய்ந்த மாதிரியும் உள்ளே ஈரமாகவும் இருப்பதே நல்ல செயின்.

6. சுமார் 500 கி.மீ.க்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். மழையில் நனைந்து வந்தால் கணக்குப் பார்க்காமல் மறுநாளே செய்ய வேண்டும். இன்ஜினில் வடித்த கழிவு ஆயில் சும்மா கிடைக்கிறதே என்று விடக் கூடாது. அதில் இரும்புத் தூள் இருக்கும்.

7. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால், சின்ன வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி இது மாறும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

8. ரொம்ப இறுக்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது செயின் இன்னும் விறைக்கும். செயினும் தேயும், பேரிங்கும் போகும்.

9. சக்கரத்தைப் பின்னால் நகர்த்தும்போது இரண்டு பக்கமும் சமமாக நகர்த்த வேண்டும். அதற்குக் கோடு போட்டிருக்கும். கம்பி வைத்த பின் பிரேக் என்றால் பிரேக்கும் இறுகிவிடும். அதையும் தளர்த்திச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலையை நாம் தனியாகச் செய்யாமல் பெரியவர்களோடு சேர்ந்து செய்வோம்.

10. செயின் லாக்கைப் பாருங்கள். மீன் மாதிரி இருக்கும். மீன் நீந்தும்போது தலை முன்னால் போகும், வால் பின்னால் வரும். அதேபோல லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

* இன்று நாம் பயன்படுத்தும் புஷ் வைத்த ரோலர் செயினை 1880-இல் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் செய்தவர்.

* நம் சைக்கிள் செயினும் அரை அங்குலம்தான்! 24 இடைவெளிக்குச் சரியாக ஓர் அடி. 12 அங்குலத்துக்கு மேல் 1/8 அங்குலம் கூடியிருந்தால் அது நன்றாகத் தேய்ந்த செயின். மிதிக்கும்போது செயின் கழன்று விழுகிறதே, உங்கள் சைக்கிளையும் அளந்து பாருங்கள்.

* மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி சொல்கிறது. சேலை கார்டு அழகுக்கு இல்லை. கழற்றி வைத்திருந்தால் மாட்டச் சொல்லுங்கள். அக்காமார்களே, உட்காரும்போது துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக...

மெக்கானிக் அண்ணனுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "உன் வயசுல, இன்ஜின் ஓடும்போதே துணியை வச்சு செயினைத் துடைச்சேன் பாப்பா. துணியோட விரலும் உள்ள போயிடுச்சு. கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள." அதனால்தான் சாவியை முதலில் எழுதினேன். ஓடும் செயினை யாரும் தொடக் கூடாது. வேலை தெரிந்தவர்களும் தொடக் கூடாது.

செயின் செட் மாற்ற 1,200 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்பாவிடம் இல்லை. "தை வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம்" என்றார். நான் 262 என்று எழுதிய தாளை அப்பாவிடம் நீட்டினேன். "259 தாண்டினாலே மாத்தணும்பா. மறுபடியும் ஏரிக்கரையில விழ வேணாம்" என்றேன். அப்பா தாளையே பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சீட்டுக் காசை எடுத்து வந்து கொடுத்தார். அது எனக்குக் கொலுசு வாங்கச் சேர்த்த காசு.

இப்போது ஞாயிறுதோறும் கிரீஸ் டப்பாவைத் தொடுவதே இல்லை. பிரஷ், மண்ணெண்ணெய், ஆயில், ஸ்கேல். அளந்த தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அப்பா விடியற்காலை கிளம்பும்போது "கடக் கடக்" சத்தம் கேட்பதில்லை. கொலுசுச் சத்தம்தான் கேட்கவில்லை, அது அடுத்த வருஷம் கேட்கட்டும்!

நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியின் செயின் கவருக்குள் ஒளிந்திருக்கும். கண்ணில் படாததால் யாருக்கும் அதன் நினைப்பு வராது. கவரில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து ஒரு முறை பாருங்கள். ஆசிரியர்களும் தங்கள் வண்டியைப் பார்க்கலாம். அளக்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், ஸ்கேலோடு வருகிறேன். 21 பின் எண்ண மறக்க மாட்டேன்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி